சின்னஞ்சிறு ஜெர்மன் கிராமத்தின் நிலத்தையும் வரலாற்றையும் தேடி எடுப்பது எப்படி? மோட்லாரொய்ட்டை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியில் வேலைக்கோ படிப்புக்கோ வந்து, நகர வாடகை கட்டுப்படியாகாமல் ஏதோ ஒரு கிராமத்தில் வீடு எடுத்தவர்கள் கொஞ்ச நாளில் கேட்கும் கேள்வி: "இந்த ஊரோட கதை என்ன?" முப்பது வீடு, ஒரு ஓடை, ஒரு பேருந்து நிறுத்தம். இணையத்தில் தேடினால் நாலு வரி கிடைக்கும். அதற்கு மேல் எப்படிப் போவது என்று தெரியாமல் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

நான் இந்த வேலையைச் சில ஊர்களுக்குச் செய்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்களோடு உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். தடுமாற்றம் பெரும்பாலும் மொழியால் வருவதில்லை, வரிசை தவறுவதால் வருகிறது. நேராக ஆண்டுகளைத் தேடிப் போகிறார்கள். முதலில் நிலம், பிறகு யார் ஆண்டார்கள், அதற்கு அப்புறம்தான் காகிதம். ஜெர்மனியில் ஒரு ஊரின் காகிதம் அந்த ஊரில் இருப்பதில்லை; அந்த ஊரை ஆண்டவன் எங்கே உட்கார்ந்திருந்தானோ அங்கே இருக்கும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஊரைக் கடைசி வரை கூட்டிப் போகிறேன்: மோட்லாரொய்ட். ஐம்பது பேருக்குள் வசிக்கும் ஊர். நடுவே டான்பாக் என்ற ஓடை. ஓடைக்கு ஒரு பக்கம் பவேரியா மாநிலம், மறு பக்கம் துரிங்கியா மாநிலம். இந்த ஓர் ஊரில் தேடக் கற்றுக்கொண்டால், ஜெர்மனியின் எந்தக் குக்கிராமத்திலும் தேடலாம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள்: தகவல், எங்கே பார்த்தேன், எந்த நாளில் பார்த்தேன். இரண்டாவது பத்தியை நிரப்பாமல் விடுபவர்கள்தான் அதிகம். ஆறு மாதம் கழித்து "இந்த ஆண்டு எங்கிருந்து வந்தது?" என்று அவர்களே தேடிக்கொண்டிருப்பார்கள்.

1:25,000 அளவுள்ள நிலப்படம் ஒன்று வேண்டும். படத்தில் 4 சென்டிமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர். இதைவிடச் சிறிய அளவில் தனி வீடு தெரியாது. அச்சுப் படம் இல்லாவிட்டால் மாநில நில அளவைத் துறையின் இணையப் படமே போதும். பவேரியாவுக்கு பாயர்ன்அட்லாஸ், துரிங்கியாவுக்கு துரிங்கன் வியூவர், இரண்டும் இலவசம்.

ஜெர்மன் மொழி பி1 என்னும் இடைநிலை அளவு இருந்தால் தாராளம். பழைய கையெழுத்தைப் படிக்கும் பயிற்சி பின்னால்தான் தேவைப்படும். அதை முதல் நாளே தொடங்காதீர்கள், சலித்துப்போகும்.

1. எந்த ஊர் என்று உறுதி செய்யுங்கள்

இது சின்ன வேலை என்று தாண்டிவிடாதீர்கள். நொய்கிர்ஷன், ஹவுசன், பெர்க் போன்ற பெயர்களில் ஜெர்மனி முழுக்க ஊர்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒருவர் இரண்டு வாரம் உழைத்துத் திரட்டிய குறிப்புகள் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேறு ஊருடையவை என்று தெரிந்தபோது அவர் முகம் வாடியதைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பெயரோடு நான்கு அடுக்குகளையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஊர்ப்பகுதி, அது சேர்ந்திருக்கும் கெமைண்டே என்னும் உள்ளாட்சி, லாண்ட்கிரைஸ் என்னும் மாவட்டம், மாநிலம். இன்று பெரும்பாலான குக்கிராமங்கள் தனி கெமைண்டே இல்லை. பவேரியாவில் 1970-களில் நடந்த சீரமைப்பில் சுமார் 7,000 கெமைண்டேக்கள் 2,000 என்ற அளவுக்குச் சுருங்கின. உங்கள் ஊர் அதற்கு முன் தனியாக இருந்திருக்கலாம், அல்லது வேறு கெமைண்டேயில் இருந்திருக்கலாம்.

மோட்லாரொய்ட்டுக்கு இந்த நான்கு அடுக்கையும் இரண்டு தடவை எழுத வேண்டும். பவேரியப் பாதி: டோப்பன் கெமைண்டே, ஹோஃப் மாவட்டம். துரிங்கியப் பாதி: கெஃபெல் நகராட்சி, சாலே-ஓர்லா மாவட்டம். அஞ்சல் எண்ணும் இரண்டு: 95183, 07926. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களின் கார் எண் பலகையில்கூட மாவட்ட எழுத்து வேறு வேறாக இருக்கும்.

அஞ்சல் எண்ணை வைத்துப் பழைய காலத்துக்குப் போக முடியாது. இன்றைய ஐந்து இலக்க எண்கள் 1993 ஜூலை 1 முதல்தான் நடப்பில் இருக்கின்றன. பழைய கடித உறையில் நான்கு இலக்க எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

2. ஓடையிலிருந்து தொடங்கிப் படத்தைப் படியுங்கள்

நிலப்படத்தை விரித்ததும் எல்லோர் கண்ணும் சாலைக்கும் தேவாலயத்துக்கும் போகும். தண்ணீரைப் பாருங்கள். சாலையை மாற்றிப் போட்டிருப்பார்கள், வீடு இடிந்திருக்கும். ஓடை பெரும்பாலும் பழைய பள்ளத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஊர் ஏன் அங்கே உட்கார்ந்தது என்பதற்குப் பாதி பதில் அதில் இருக்கிறது.

ஓடையை நீல நிறத்தில் வரைந்து, அது எந்த ஆற்றில் சேர்கிறது என்று கடைசி வரை பின்தொடருங்கள். டான்பாக் போய்ச் சேர்வது சாலே ஆற்றில். சாலே எல்பாவில் கலக்கிறது, எல்பா வடகடலுக்குப் போகிறது. பவேரியா என்றதும் டான்யூப் ஆற்றை நினைப்பவர்கள் இங்கேயே தவறுகிறார்கள். இந்த மூலையின் தண்ணீர் வடக்கே போகிறது. ஊரின் பழைய பழக்கங்களும் வடக்கே உள்ள ஃபோக்ட்லாந்து வட்டாரத்தோடுதான் ஒட்டியிருக்கின்றன.

அடுத்து உயரக் கோடுகள். மோட்லாரொய்ட் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குளிர் கடுமை. ஹோஃப் வட்டாரத்தை ஜெர்மானியர்களே 'பவேரியாவின் சைபீரியா' என்பார்கள். இந்த ஒரு விஷயத்திலிருந்து பயிர், வேலி, வீட்டுக் கூரை, வறுமை என்று பலதும் விளங்கும். கோதுமைக்கு மண்ணும் வெயிலும் போதாத இடத்தில் ரை என்ற தானியம், பிறகு உருளைக்கிழங்கு. இதே ஹோஃப் மாவட்டத்தின் பில்கிராம்ஸ்ரொய்ட் என்ற ஊரில்தான் 1647 வாக்கிலேயே உருளைக்கிழங்கை வயலில் பயிரிட்டார்கள். பவேரியாவில் அதுதான் முதல் என்று சொல்வார்கள்.

பிறகு பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பவேரியாவில் நிலவரி போடுவதற்காக 1808 முதல் 1864 வரை நாடு முழுவதையும் அளந்தார்கள். பாயர்ன்அட்லாஸில் 'வரலாற்று வரைபடம்' என்ற அடுக்கைத் தேர்ந்தால் அது தெரியும். எந்த வீடு பழையது, எந்தக் குளம் தூர்ந்தது, எந்தப் பாதை மறைந்தது என்று ஒரு மாலைப் பொழுதில் பார்த்துவிடலாம். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். பழைய படத்தின் சின்னச் சிவப்புக் கட்டம் ஒன்று இன்றைய படத்தில் புல்வெளியாக இருந்தால், நோட்டில் குறித்து வையுங்கள். அந்த வீட்டுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விதான் பின்னால் உங்களை ஆவணக் காப்பகத்துக்குள் வழிநடத்தும்.

ஒரு எச்சரிக்கை. கிழக்கு ஜெர்மனி பொதுமக்களுக்கு விற்ற படங்களை எல்லைப் பகுதிக்கு நம்பாதீர்கள். எல்லை ஓரத்தில் வேண்டுமென்றே தூரத்தையும் வடிவத்தையும் மாற்றி வரைந்திருந்தார்கள்.

3. ஊரின் வடிவமும் பெயரின் வாலும்

வீடுகள் எப்படி அமர்ந்திருக்கின்றன? கொத்தாக, ஒழுங்கில்லாமல் இருந்தால் ஹவுஃபன்டோர்ஃப். ஒரே தெருவின் இருபுறமும் என்றால் ஷ்ட்ராசன்டோர்ஃப். நடுவே பொதுப் புல்தரை என்றால் ஆங்கர்டோர்ஃப். வீட்டுக்குப் பின்னாலேயே நீண்ட பட்டையாக வயல் காடு வரை போனால் வால்ட்ஹூஃபன்டோர்ஃப். அது திட்டமிட்டுக் காடு திருத்தியவர்களின் ஊர். வடிவத்தைப் பார்த்தால் குடியேறிய விதம் தெரியும், அதனால்தான் இது பெயருக்கு முன்னால் வருகிறது.

பிறகு பெயரின் கடைசிப் பகுதி. ரொய்ட், ரோடெ, ரோட், கிரூன் என்று முடிந்தால் காட்டை அழித்து உண்டாக்கிய ஊர். பெரும்பாலும் 11 முதல் 13-ஆம் நூற்றாண்டுக்குள் நடந்த குடியேற்றம். பைரொய்ட் நகரின் பெயரிலும் இதே வால்தான். இங்கன், ஹைம் என்று முடிபவை பொதுவாக இதைவிடப் பழையவை. இட்ஸ், ஓவ் என்று முடிந்தால் அங்கே முன்பு ஸ்லாவிய மொழி பேசியவர்கள் இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் நடக்கும் தவறு, பெயரின் முன்பகுதிக்கும் சொந்தமாகப் பொருள் சொல்வது. முன்பகுதி பல ஊர்களில் ஏதோ ஒரு ஆளின் பெயர். உச்சரிப்பு தேய்ந்து உருமாறியிருக்கும். பழைய எழுத்து வடிவங்கள் நாலைந்தை வரிசையாகப் பார்க்காமல் பொருள் சொல்லவே கூடாது. வாலை மட்டும் எழுதுங்கள், தலையை விட்டுவிடுங்கள்.

4. யார் ஆண்டார்கள்: இந்த அட்டவணை இல்லாமல் மேலே போகாதீர்கள்

மொத்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1871-க்கு முன் ஜெர்மனி ஒரே நாடு இல்லை. பத்துக் கிலோமீட்டர் நடந்தால் வேறு ஆட்சி, வேறு நாணயம், வேறு அளவை. ஆகவே உங்கள் ஊருக்கு இடப்பக்கம் ஆண்டு, வலப்பக்கம் ஆட்சியாளர் என்று ஒரு அட்டவணை போட வேண்டும். ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தால் இரண்டு அட்டவணை.

மோட்லாரொய்ட்டின் பவேரியப் பாதி இப்படிப் போகிறது: பைரொய்ட் மார்க்கிராஃப் என்ற பிரபுவின் ஆட்சி. கடைசி மார்க்கிராஃப் பதவியை விட்டுக்கொடுத்ததால் 1792 முதல் பிரஷ்யா. 1806-ல் நெப்போலியன் படை. 1810-ல் பவேரிய அரசு, ஒன்றரைக் கோடி பிராங்க் கொடுத்து அந்தப் பகுதியை நெப்போலியனிடமிருந்து வாங்கியது. 1945-க்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு மண்டலம். 1949 முதல் மேற்கு ஜெர்மனி.

மறு பாதி: ரொய்ஸ் சிற்றரசு. 1918-ல் மன்னராட்சி முடிந்தது, 1920 மே 1 முதல் துரிங்கியா மாநிலம். 1945 ஏப்ரலில் துரிங்கியாவுக்குள் வந்தது அமெரிக்கப் படை. ஜூலைத் தொடக்கத்தில் அதைச் சோவியத் படையிடம் ஒப்படைத்தார்கள். 1949 முதல் கிழக்கு ஜெர்மனி. 1952-ல் அந்த நாடு மாநிலங்களைக் கலைத்ததால் கேரா பெட்சிர்க் (மாநிலத்துக்குப் பதிலாக வந்த ஆட்சிப் பிரிவு), ஷ்லைட்ஸ் வட்டம். 1990 அக்டோபர் 3 முதல் மறுபடியும் துரிங்கியா. 1994 முதல் சாலே-ஓர்லா மாவட்டம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். ஓடைக்கரையில் நட்ட எல்லைக்கல்லின் ஒரு முகத்தில் 'கா பே' என்றும் மறு முகத்தில் 'எஃப் எர்' என்றும் இரண்டிரண்டு எழுத்துகள் செதுக்கியிருக்கும். முதலாவது பவேரிய அரசு, இரண்டாவது ரொய்ஸ் சிற்றரசு என்பதன் முதலெழுத்துகள். கல் நட்ட ஆண்டு 1810. ஏன் 1810? பவேரியா அந்த இடத்தை வாங்கியதே அந்த ஆண்டில்தான். புதிதாக நிலம் வாங்கியவர் முதல் வேலையாக எல்லைக்கல் நடுவது இயல்புதானே. அட்டவணை இல்லாமல் அந்தக் கல்லைப் பார்ப்பவருக்கு அது நாலு எழுத்தோடு முடிந்துவிடும்.

இன்னொன்றும் தெரியும். மோட்லாரொய்ட்டைக் கிழக்கும் மேற்கும் பனிப்போரும் பிரித்தன என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கோடு அதற்கும் நூற்றாண்டுகள் முந்தையது. ஆனால் அந்தக் கோடு யாரையும் தடுக்கவில்லை. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடமும் மதுக்கடையும் துரிங்கியப் பக்கம். தேவாலயம் பவேரியப் பக்கம் டோப்பனில். ஓடையைத் தாண்டுவது நாலு எட்டு. பிரிவு எங்கே தொடங்கியது, வேலி எப்போது வந்தது என்ற இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

இந்தப் படியில் விழும் பள்ளங்கள் மூன்று.

முதலாவது, இன்றைய கெமைண்டேயின் வரலாற்றை ஊரின் வரலாறாக எடுத்துக்கொள்வது. மோட்லாரொய்ட்டின் துரிங்கியப் பாதி இன்று கெஃபெல்லைச் சேர்ந்தது. ஆனால் கெஃபெல் 1815 முதல் பிரஷ்யாவின் கையில் இருந்த தனித் துண்டு நிலம், சுற்றிலும் வேறு ஆட்சிகள். கெஃபெல்லின் அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டினால் ரொய்ஸ் ஊர் பிரஷ்ய ஊராகிவிடும்.

இரண்டாவது, ரொய்ஸ் குடும்பத்தின் ஆண்கள் எல்லோருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர். எண்ணை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். அந்த எண்ணும் அரசரான வரிசையில் வராது. குடும்பத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கெல்லாம் வரிசையாகப் போடுவார்கள். மூத்த கிளை நூறு வரை எண்ணிவிட்டுத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கும். இளைய கிளை நூற்றாண்டு மாறும்போது புதிதாகத் தொடங்கும். ஆகவே எண்ணோடு கிளையும் பிறந்த ஆண்டும் சேராமல் எந்த ஹைன்ரிக்கையும் நோட்டில் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது, அளவைகள். பவேரிய டாக்வெர்க் என்றால் சுமார் 3,407 சதுர மீட்டர். பிரஷ்ய மார்கன் என்றால் சுமார் 2,553. மார்கன் என்ற ஒரே சொல்லுக்கு நாட்டுக்கு நாடு வேறு அளவு. எந்த ஆட்சி என்று தெரியாமல் ஹெக்டேராக மாற்றினால் பெரிய பண்ணையாரைச் சிறு விவசாயி ஆக்கிவிடுவீர்கள்.

5. அட்டவணையிலிருந்து காப்பகத்துக்கு

இப்போது காப்பகம் தேடுவது சுலபம். அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு காப்பகத்தின் பெயரை எழுதுங்கள். பைரொய்ட் மார்க்கிராஃப் காலமும் ஹோஃப் அடங்கிய மேல் ஃபிராங்கோனியப் பகுதியின் பவேரியக் காலமும் பாம்பெர்க் அரசுக் காப்பகத்தில். ரொய்ஸ் காலம் கிரைட்ஸ் அரசுக் காப்பகத்தில். கேரா பெட்சிர்க் காலம் ருடோல்ஷ்டாட்டில். கிழக்கு ஜெர்மன் உளவுத்துறைக் கோப்புகள் 2021 முதல் கூட்டாட்சிக் காப்பகத்தின் பொறுப்பில். ஐம்பது பேர் ஊருக்கு நான்கு இடம்.

நான் ஆரம்பத்தில் செய்த தவறைச் சொல்கிறேன். ஒரு ஊருக்காக இன்றைய மாநில எல்லையை மட்டும் பார்த்து ஒரு காப்பகத்துக்குக் கடிதம் போட்டேன். பல வாரம் காத்திருந்து வந்த பதில்: "நீங்கள் கேட்கும் காலத்துக்கு அந்த ஊர் எங்கள் ஆட்சிப் பரப்பில் இல்லை." அரை மணி நேர அட்டவணை வேலை அந்தக் காத்திருப்பை மிச்சப்படுத்தியிருக்கும்.

கடிதத்தில் "ஊர் வரலாறு பற்றி இருப்பதெல்லாம் வேண்டும்" என்று எழுதாதீர்கள். ஊர், அப்போதைய ஆட்சி, கால அளவு, பொருள் இந்த நான்கும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்: "ரொய்ஸ் ஆட்சியில், 1800 முதல் 1820 வரை, மோட்லாரொய்ட்டின் எல்லை அளவை தொடர்பான கோப்புகள் உள்ளனவா?" இப்படிக் கேட்டால் அலுவலர் கோப்பு எண்ணோடு பதில் தருவார். போவதற்கு முன் கோப்பு எண்ணை முன்பதிவு செய்ய வேண்டுமா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

காப்பகம் போகும் முன் 1912-ல் வெளிவந்த மெயர்ஸ் ஊர்-போக்குவரத்து அகராதியை இணையத்தில் பாருங்கள். ஜெர்மன் பேரரசுக் காலத்தில் ஊர் எந்த ஆட்சிப் பிரிவில் இருந்தது, எங்கே அஞ்சல், எங்கே நீதிமன்றம் எல்லாம் சுருக்கெழுத்தில் ஒரே பத்தியில் இருக்கும். உங்கள் அட்டவணை சரியா என்று ஒத்துப் பார்க்க இதைவிட வேகமான வழி இல்லை. மக்கள்தொகைக்கு 1871 டிசம்பர் 1 முதல் 1910 டிசம்பர் 1 வரை எடுத்த கணக்கெடுப்புகள் இருக்கின்றன. ஆனால் எண் அந்த ஊருக்கா, முழு கெமைண்டேக்கா என்று தலைப்பைப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

6. தேவாலயப் பதிவேடு

ஆட்கள் இங்கேதான் கிடைப்பார்கள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் பங்குப் பதிவேட்டில் ஏறின (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்). சின்ன ஊருக்குச் சொந்தத் தேவாலயம் இருக்காது. எந்தப் பங்கைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். மோட்லாரொய்ட்டுக்கு டோப்பன். துரிங்கியப் பாதி ஆட்களையும் அங்கே தேட வேண்டும் என்பதை ஆட்சி அட்டவணை சொல்லாது. அரசின் எல்லையும் பங்கின் எல்லையும் ஒன்றல்ல என்பதை மறந்தவர்கள் பாதிக் குடும்பத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

புராட்டஸ்டண்ட் பதிவேடுகள் ஆர்கியோன் என்ற கட்டணத் தளத்தில் கிடைக்கும். கத்தோலிக்கப் பதிவேடுகளில் கணிசமானவை மட்ரிகுலா தளத்தில் இலவசம். எல்லாப் பங்கும் ஏறியிருக்காது. பணம் கட்டும் முன் பட்டியலைப் பாருங்கள்.

இனி கையெழுத்து. குரெண்ட் என்ற பழைய எழுத்து. பழகாத கண்ணுக்கு ஒரே மாதிரி சாய்ந்த கோடுகளாகத் தெரியும். இரண்டு குறிப்பை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: 'எ' ஒலிக்கான எழுத்து 'ன்' ஒலிக்கான எழுத்தைப் போலவே இரண்டு செங்குத்துக் கோடாக இருக்கும், கோடுகள் சற்று நெருக்கம், அவ்வளவுதான். 'உ' எழுத்தின் தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவு இருக்கும். அந்த வளைவுகளை முதலில் எண்ணிக் குறித்துவிட்டால் மிச்சக் கோடுகள் தானாகப் பிரியத் தொடங்கும். ஊர்ப் பெயரையும் அங்கே அடிக்கடி வரும் நாலு குடும்பப் பெயரையும் நீங்களே அந்த எழுத்தில் இருபது தடவை எழுதிப் பழகுங்கள். எழுதிய கைக்குப் படிக்கவும் வரும்.

தேதிகளில் இரண்டு பொறிகள். '7-பெர்' என்று எழுதியிருந்தால் அது ஜூலை இல்லை, செப்டம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு. அதே போல 8-பெர் அக்டோபர், 9-பெர் நவம்பர், 10-பெர் டிசம்பர். இதைத் தவறாகப் படித்தால் திருமணத்துக்கு முன் பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும், அடக்கம் ஞானஸ்நானத்துக்கு முன் வரும்.

இரண்டாவது, நாட்காட்டி. கத்தோலிக்க ஆட்சிகள் 1580-களிலேயே புதிய நாட்காட்டிக்கு மாறத் தொடங்கிவிட்டன. புராட்டஸ்டண்ட் ஆட்சிகள் 1700-ல்தான் மாறின. அந்த ஆண்டு பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1. இடைப்பட்ட ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் தேதி பத்து நாள் வித்தியாசம். முப்பதாண்டுப் போர் (1618–1648) நிகழ்ச்சிகளை இரண்டு பக்கப் பதிவேட்டிலிருந்தும் எடுக்கும்போது இதைத் திருத்தாமல் கலக்காதீர்கள்.

1876 ஜனவரி 1 முதல் பேரரசு முழுக்க அரசுப் பதிவகம் வந்துவிட்டது. பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு கழித்துத்தான் வெளியாருக்குத் திறக்கும். அதற்குள் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டு அலுவலகத்தைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

7. முதல் குறிப்பு வேறு, ஊர் தோன்றியது வேறு

ஊரின் நுழைவில் "750 ஆண்டு" என்று பலகை இருக்கும். அது ஊர் பிறந்த ஆண்டுக் கணக்கு இல்லை, ஏதோ ஒரு ஆவணத்தில் அந்தப் பெயர் முதன்முதலில் எழுத்தில் வந்த ஆண்டு. யாரோ ஒருவர் நிலத்தை மடத்துக்குத் தானம் கொடுத்தார், அதனால் பெயர் ஏறியது. ஊர் அதற்கு நூறாண்டு முன்பே இருந்திருக்கலாம். ஆகவே "தோன்றியது" என்று எழுதாமல் "முதலில் எழுத்தில் வருவது" என்று எழுதுங்கள்.

8. 1945 முதல் 1990 வரை தனியாக உட்கார்ந்து எழுதுங்கள்

எல்லையோரக் கிராமம் என்றால் இந்த 45 ஆண்டுக்குத் தனி நாள்வரிசை வேண்டும். மோட்லாரொய்ட்டில் ஒவ்வொரு படியும் தேதியோடு கிடைக்கிறது.

1952 மே 26-ல் கிழக்கு ஜெர்மன் அமைச்சரவை எல்லையை மூட முடிவெடுத்தது: கோட்டை ஒட்டி 10 மீட்டர் உழுத மண் பட்டை, அதன் பின் 500 மீட்டர் காப்புப் பட்டை, 5 கிலோமீட்டர் தடை மண்டலம். ஊருக்குள் ஆள் உயர மரவேலி வந்தது. அடுத்த மாதமே நம்பத்தகாதவர்கள் என்று கருதிய குடும்பங்களை எல்லையோரத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1961 அக்டோபரில் மறுபடியும். இரண்டிலுமாக எல்லை நெடுக 10,000-க்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். முதல் நடவடிக்கைக்கு அதிகாரிகள் வைத்த பெயரின் பொருள் 'பூச்சி புழு'. இதை எழுதும்போது பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், பொருளையும் எழுதுங்கள். இரண்டாம் படியில் உங்கள் நோட்டில் குறித்த காணாமல் போன வீடுகளில் சிலவற்றுக்குப் பதில் இந்த இரண்டு தேதிகளில் கிடைக்கும்.

பிறகு முள்வேலி. 1966-ல் 700 மீட்டர் நீளம், 3.3 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர். அமெரிக்கப் படைவீரர்கள் ஊரைக் 'குட்டி பெர்லின்' என்றார்கள். கிழக்குப் பக்கத்தில் இருப்பவர் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சொந்தக்காரருக்குக் கையசைக்கக்கூட அனுமதி இல்லை. 1983 பிப்ரவரி 5-ல் அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் மேற்குப் பக்கம் வந்து சுவரைப் பார்த்தார். 1989 டிசம்பர் 9-ல் நடந்து கடக்க வழி திறந்தது. பெர்லின் சுவர் திறந்து சரியாக ஒரு மாதம். 1990 ஜூன் 17-ல் அகழ்பொறி வைத்துச் சுவரின் பெரும்பகுதியை இடித்தார்கள். சுமார் 100 மீட்டரை மட்டும் விட்டுவைத்தார்கள். இன்று அது அங்குள்ள அருங்காட்சியகத்தின் பகுதி.

பெர்லின் தேதிகளை இங்கே ஒட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. பெர்லினில் சுவர் 1961, இங்கே 1966. பெர்லினில் திறந்தது நவம்பர் 9, இங்கே டிசம்பர் 9. கிராமத்துக்குக் கிராமத்தின் தேதிதான் வேண்டும்.

9. நேரில் போகும் நாள்

எல்லாவற்றுக்கும் கடைசியில் போங்கள். அதுவரை படித்தது இருந்தால்தான் கண்ணுக்குப் பொருள் தெரியும். இலை உதிர்ந்த நவம்பரும் புல் எழாத மார்ச்சும் நல்ல மாதங்கள். பழைய பாதைப் பள்ளமும் வயல் வரப்பும் துலக்கமாகத் தெரியும்.

கல்லறைத் தோட்டத்தில் பழைய கல்லறை தேடி ஏமாறாதீர்கள். ஜெர்மனியில் கல்லறை இடம் குத்தகைதான். 20, 30 ஆண்டு முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகப் போர் நினைவுக் கல்லைப் பாருங்கள். 1914–1918-ல் இறந்தவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பத்து வீட்டு ஊரில் ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருவதைப் பார்த்தால், எந்தப் புள்ளிவிவரமும் சொல்லாததை அது சொல்லும்.

பெரியவர்களிடம் பேசும்போது முதல் கேள்வியாகச் சுவரைப் பற்றியோ போரைப் பற்றியோ கேட்காதீர்கள். அவர்களிடம் அதைக் கேட்காத ஆளே இல்லை. வீட்டுப் பெயரைக் கேளுங்கள். பண்ணை வீட்டுக்கு ஹவுஸ்நாமெ என்று ஒரு பெயர் உண்டு. குடும்பம் மாறினாலும் வீட்டின் பெயர் மாறாது. "இந்த வீட்டை ஊரில் எப்படிச் சொல்வார்கள்?" என்று கேட்டால் முகம் மலர்ந்து பேசுவார்கள். அந்தப் பெயர் பதிவேட்டில் குடும்பப் பெயருக்குப் பதிலாக வந்திருக்கும். உங்களுக்கு விட்டுப்போன முடிச்சு ஒன்று அங்கே அவிழும். முதல் வணக்கத்தைக்கூடக் கவனியுங்கள். பவேரியப் பக்கம் 'குரூஸ் காட்', துரிங்கியப் பக்கம் 'கூட்டன் டாக்'.

பேசியதை அன்று இரவே எழுதிவிடுங்கள். யார் சொன்னது என்பதை நோட்டில் வையுங்கள், வெளியே எழுதும்போது அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் பெயர் போடுங்கள். சின்ன ஊரில் "கிழக்குப் பக்கத்து ஒரு முதியவர்" என்றாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். 1952-ல் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற பேச்சு வந்தால் பேனாவைக் கீழே வையுங்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பக்கத்து வீட்டில் இருக்கிறார்கள்.

10. எழுதும்போது

நிலம், பெயர், ஆட்சி, பங்கு, ஆட்கள் என்று நீங்கள் தேடிய வரிசையிலேயே எழுதுங்கள். இரண்டு ஆவணம் இரண்டு ஆண்டு சொன்னால் ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்காமல், இரண்டையும் எங்கே பார்த்தீர்கள் என்பதோடு போடுங்கள். அடுத்து வருபவர் அங்கிருந்து தொடர முடியும்.

முடித்ததும் ஜெர்மனில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி, கெமைண்டே அலுவலகத்தில் ஓர்ட்ஸ்குரோனிஸ்ட் என்னும் ஊர் வரலாற்றாளர் யார் என்று கேட்டு அவரிடம் ஒரு படி கொடுங்கள். மோட்லாரொய்ட் போல இரண்டு கெமைண்டேயில் இருக்கும் ஊர் என்றால் இரண்டு படி, ஓடைக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்று.